பங்கைப் பேசிவிட்டுப் போங்கள்

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, அறுபதைத் தாண்டிவிட்ட அப்பா அம்மாக்களிடம் நேராகவே கேட்கிறேன். வீடு யாருக்கு, வயல் யாருக்கு, உங்களுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்பதையெல்லாம் நீங்கள் நல்லபடியாக நடமாடும்போதே பேசிவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். "எனக்குப் பொறவு அவங்களே பாத்துக்கிடுவாவ" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் வாய் திறக்காமல் விட்டதைத்தான் பிள்ளைகள் பத்திர ஆபீஸ் வாசலிலும் கோர்ட்டிலும் நின்று பேசுகிறார்கள்.

கூடப்பிறந்தவர்கள் சண்டை எந்தக் காலத்தில் இல்லை என்று கேட்பீர்கள். இருந்தது. வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன வீடுகள் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டாவது இருக்கும். என் அம்மா பிறந்தது வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர். கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர். பெரிய மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வயல் விஷயத்தில் முகம் முறிந்தது, கடைசிவரை ஒட்டவே இல்லை. ஆனாலும் எனக்குக் காது குத்தும்போது உட்கார இன்னொரு மாமா மடி இருந்தது. தை பிறப்பதற்குள் சின்ன மாமா சைக்கிளில் பொங்கப்படி கொண்டுவந்துவிடுவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு எல்லாம் இருக்கும். என் சடங்குக்குச் சீர் வந்தது. அம்மா இறந்த அன்று பிறந்த வீட்டுக் கோடித் துணியும் வந்தது. ஒரு மாமா விலகிய இடத்தில் மற்ற மாமாக்கள் வந்து நின்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. 1971 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் அது 1.8. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையால் ஈடாக வேண்டுமென்றால் 2.1 வேண்டும் என்பார்கள். நாம் அதற்குக் கீழே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிவப்பு முக்கோணம் போட்டுச் சுவரெல்லாம் எழுதியிருந்த 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகத்தை எங்கள் அப்பா அம்மா தலைமுறை மனதார ஏற்றுக்கொண்டது. அதனால் பெண்கள் உடம்பு தேறியது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு அண்ணனும் ஒரு தங்கையும் மட்டுமே இருக்கிற வீட்டில் அந்த இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமனே இல்லை. அவன் பிள்ளைகளுக்கு அத்தையே இல்லை. மடி கொடுக்க, சீர் சுமக்க, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருக்க, வேறு ஆளுக்கு எங்கே போவது?

அந்த ஒற்றை உறவு பெரும்பாலும் ஒரு கையெழுத்தில்தான் அறுகிறது. அப்பாவுக்குக் காரியம் முடிந்து, பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் கிளம்பியிருக்கும். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் அண்ணனிடமிருந்து போன் வரும். "ஏட்டி, ஆதார் கார்ட எடுத்துக்கிட்டு புதன்கெழம ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒரு கையெழுத்துதான்." அது விடுதலைப் பத்திரம். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் எழுதித் தர வேண்டும்.

என் தோழி ஒருத்திக்கு இது நடந்தபோது நான் கூட இருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "என்ன ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கேட்டா என்னண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான், வீடே இறுகிவிட்டது. "அப்பவே நகைநட்டு எல்லாம் போட்டு அனுப்பியாச்சுல்லா" என்றார் மதினி. "நாளைக்கு உம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிக்கணும்?" என்றார் பெரியப்பா முறையுள்ள ஒருவர். அவள் அம்மா அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்றார், ஒரு சொல் பேசவில்லை. அடுத்த மாதம் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தது. தாய்மாமன் இல்லாமல் அதை எப்படிச் செய்வது? அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணனும் சொன்னபடி தாம்பாளத் தட்டுகளோடு வந்து முறை செய்தார். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இன்றைக்கு அவர்களுக்குள் விசேஷ வீட்டில் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தாய்மாமன் முறையை ஒரு பெண்ணின் பங்குக்கு விலையாக வைப்பது அநியாயம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சட்டம் இதில் எப்போதோ தெளிவாகிவிட்டது. அப்பா தன் உழைப்பில் வாங்கியதை எழுதிவைக்காமல் இறந்தால் மனைவி, மகன், மகள் என எல்லோருக்கும் சமபங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 2005-இல். தமிழ்நாடு அதற்கு முன்பே 1989-இல் கொடுத்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2005 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணக் கணக்கு போய்விட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பும் சொல்லியாயிற்று. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பொருந்தும் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் மகன் மகள் பேதம் கிடையாது. சட்டம் போட்டும் பழைய முறையே ஏன் நடக்கிறது என்றால், பெற்றவர்கள் பேசாமல் இருப்பதால்தான்.

நகையைச் சொல்வார்கள். போட்டது உண்மைதான். ஆனால் போட்ட நகையில் பாதி மாப்பிள்ளை வீட்டுத் தேவைக்கு அடகுக்கடைக்குப் போயிருக்கும், மீதி அவள் பிள்ளைகள் படிப்புக்குப் போயிருக்கும். மகனுக்குச் செய்த இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணத்தையும், வெளிநாடு போக ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தையும் யாரும் 'அவனுக்குப் போட்டாச்சு' என்று எழுதிவைப்பதில்லையே. கணக்குப் பார்ப்பதென்றால் எல்லோருக்கும் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஊரிலேயே தங்கிவிட்ட பிள்ளை ஒன்று இருக்கும். கூடப்பிறந்தவர்கள் சென்னை, பெங்களூரு, துபாய் என்று போயிருப்பார்கள். அப்பாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவது, அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு ஓடுவது, கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் ஆள் தேடுவது எல்லாம் அந்தப் பிள்ளைதான். முன்பெல்லாம் அது மகனாக இருக்கும். இப்போது பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ கட்டிக்கொடுத்த மகளாக இருப்பதைத்தான் நிறையப் பார்க்கிறேன். கடைசியில் பங்கு என்று வரும்போது அத்தனை பேரும் சரிசமமாக வந்து நின்றால், பார்த்த பிள்ளையின் மனசு என்ன பாடுபடும்? பார்த்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கொடுக்கும் அப்பா தன் வாயால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இறந்த பிறகு பீரோவிலிருந்து ஒரு உயில் வெளியே வந்தால், நியாயமாக எழுதியதைக்கூட 'படுக்கையில் கிடந்தவரை ஏமாற்றி வாங்கிக்கொண்டான்' என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பெரியப்பா ஒருவர் இதைச் சரியாகச் செய்தார். மும்பையில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். வீடு, வயல், முக்கூடல் ரோட்டில் ஒரு மனை எல்லாம் அவர் சம்பாத்தியம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் பொங்கல் வைக்கப் பிள்ளைகள் மூவரும் குடும்பத்தோடு வருவார்கள் இல்லையா, அதற்கு மறுநாளைத்தான் தேர்ந்தெடுத்தார். மருமகள்களையும் மருமகனையும் உட்காரச் சொன்னார். பத்திரங்களைப் பாயில் பரப்பினார். "சின்னவன் எங்ககூடக் கெடக்கான். உங்கம்மைக்கு மேலுக்கு முடியாம ஆனப்ப அவனும் அவன் பொண்டாட்டியும்தான் பாத்தாவ. வீடு அவனுக்கு. வயல் மூணு பேருக்கும் சமம்" என்றார். மகள், "எனக்கு வயல் வேண்டாம்ப்பா, அந்த மனையக் குடுங்க" என்றாள். பெரியவனுக்குக் கோபம் வந்துவிட்டது, அன்று ராத்திரி சாப்பிடாமல் எழுந்து போனான். பெரியப்பா பதறவில்லை. மறுநாள் காலையில் அவனே வந்து உட்கார்ந்தான். தன் பங்கு வயலைத் தம்பி பயிரிட்டால் குத்தகை என்ன என்று கேட்டான். பேசி முடித்தார்கள். மருந்துச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது பெரியவன் பொறுப்பு, கோடை விடுமுறையில் அம்மாவை வைத்துக்கொள்வது மகள் பொறுப்பு என்பதும் அந்தப் பாயிலேயே முடிவானது. அப்புறம்தான் இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதிப் பதிவு செய்தார். பெரியப்பா காலமாகிவிட்டார். அந்த மூன்று பேரும் இன்னும் பங்குனி உத்திரத்துக்கு ஒரே வேனில்தான் போகிறார்கள். சண்டையே போடாமல் அது நடக்கவில்லை. சண்டை வந்தபோது தீர்த்துவைக்க அப்பா உயிரோடு இருந்தார், அதுதான் காரணம்.

ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களை ஊர் விடுவதில்லை, "ஒண்ணோட நிறுத்திட்டியே, துணை வேண்டாமா" என்று விசேஷ வீட்டுக்கு விசேஷ வீடு கேட்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு உடம்புக் கஷ்டமோ பணக் கஷ்டமோ இருக்கும். பெற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சித்தி பிள்ளை, பெரியப்பா பிள்ளையோடு உங்கள் பிள்ளையைப் பழகவிடுங்கள். பிள்ளைகள் சின்னதாக வீடு கட்டி வைக்கிற சிறுவீட்டுப் பொங்கலுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். நம் பெரியவர்களுக்குள் உள்ள மனத்தாங்கலுக்காக ஒன்றுவிட்ட அண்ணனையும் அந்தக் குழந்தையிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

கடைசியாக அம்மாக்களைப் பற்றி. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா எழுதிவைக்காமல் போனால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் மகளோடு சேர்த்து அம்மாவிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆச்சிகளை நெல்லை எக்ஸ்பிரஸில் நானே பார்த்திருக்கிறேன். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் மகன், மகள் இருவருக்குமே பொறுப்பு உண்டு. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுக்க எந்த அம்மா போவாள்? அதனால் முன்னாலேயே வழி செய்யுங்கள். தானமாகவோ செட்டில்மெண்டாகவோ இப்போதே எழுதிக்கொடுப்பதானால், கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பராமரிக்காவிட்டால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும். உயில் என்றால், உங்கள் மனைவி இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும், வாடகை வந்தால் வாங்கிக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு என்று எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவளும் பக்கத்தில் இருக்கட்டும்.