ஐஸ்பெட்டிக்குள்ள இருந்து எடுத்துப் பூசுறதுக்குப் பேரு டெஸ்ட்டா?

ஸ்டால் போட்டு ஒரு பையன் மூஞ்சி செவப்புக்குன்னு ஜெல்லு விக்கான்லா, ஒரு அக்காவுக்குப் பூசிக் காட்டுத அந்த வீடியோவ இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீய. பாத்துட்டேன். ஃபேமிலி குரூப்ல வந்தாச்சு, காலேஜ் குரூப்ல வந்தாச்சு, எங்க தெரு சீட்டு குரூப்ல கூட வந்தாச்சு, எல்லாத்துலயும் அடியில என்னைய டேக் பண்ணி "ஒனக்குத்தாம்ட்டி இது, ரொசேஷியாவுக்கு லைவா டெஸ்ட் பண்ணியே காட்டிட்டாவ"ன்னு ஒரு வரி. (ரொசேஷியாங்கது எனக்கு இருக்குற தோல் நோய், மூஞ்சி செவந்து காந்தும், சின்னச் சின்னப் பருவும் வரும்.)

எது டெஸ்ட்டு? இன்னொருக்க போட்டுப் பாருங்க. வெயில்ல நடந்து வந்த ஒரு அக்கா, கன்னம் ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு, ஏசிக்கு நேரா சேர் போட்டு உக்கார வைக்காவ, அந்தப் பையன் ஐஸ்பெட்டிக்குள்ள கைய விட்டு ட்யூப எடுக்கான் (ட்யூப் மேல தண்ணி முத்து முத்தா நிக்கிறது வீடியோவுலயே தெரியுது), பூசுதான், பத்து நிமிஷம் மைக்க புடிச்சுப் பேசுதான், தொடைக்கான், செவப்பு கொறைஞ்சிருக்கு, எல்லாரும் கை தட்டுதாவ. ஏசில உக்காந்து சில்லுன்னு எதப் பூசுனாலும் ரத்தக்குழாய் சுருங்கத்தான் செய்யும். மோரப் பூசிருந்தாலும் கொறைஞ்சிருக்கும். ஒண்ணும் பூசாம சும்மா உக்காந்திருந்தாலும் கொறைஞ்சிருக்கும். அப்ப அந்த ஜெல்லு என்ன பண்ணுச்சு? தெரியாதுல்லா? தெரியலன்னா அது டெஸ்ட் இல்ல, அவ்வளவுதான்.

நெசமா டெஸ்ட் பண்ணுதவங்க எப்படிப் பண்ணுவாங்கன்னு சொல்லுதேன். பிரிமோனிடின்னு ஒரு மருந்து, 0.33 சதவீத ஜெல்லு, ரொசேஷியா செவப்புக்குன்னே 2013ல அமெரிக்காவுல அனுமதி வாங்குனது. பாதிப் பேருக்கு மருந்து போட்ட ஜெல்லு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஜெல்லு, எது யாருக்குன்னு பூசுறவங்களுக்கும் தெரியாது, பாக்குற டாக்டருக்கும் தெரியாது. தெனம் ஒருதடவ பூசி, 29வது நாள்ல, பூசி 3 மணி நேரம், 6, 9, 12 மணி நேரம்னு பாத்துப் பாத்து செவப்பு எவ்வளவுன்னு மார்க் போடுவாங்க. டாக்டர் ஒரு மார்க், நோயாளி ஒரு மார்க், ரெண்டுலயுமே ரெண்டு படி எறங்கியிருந்தாத்தான் பாஸ். அப்படிப் பாத்ததுல மருந்து ஜெல்லுக்கு 3 மணி நேரத்துல பத்துல மூணு பேரு மாதிரிதான் பாஸ். வெறும் ஜெல்லு பூசுனவங்கள்லயும் பத்துல ஒருத்தர் மாதிரி பாஸ்! மருந்தே இல்லாம! இதுக்குத்தான் வெறும் ஜெல்லோட ஒப்பிட்டுப் பாக்கணும்ங்கது. இவ்வளவு பாத்து வந்த மருந்துக்கே, வேகம் தீந்ததும் சில பேருக்கு முன்ன இருந்தத விட அதிகமா செவந்து திரும்பி வருது. அந்த அக்கா அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்தாவன்னு வீடியோவுல இருக்கா?

எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது மெட்ரோனிடசோல் ஜெல்லு. வாரக்கணக்கா ஒண்ணும் தெரியல, அப்புறம் சின்னச் சின்னப் பரு அடங்குச்சு, செவப்பு முழுசாப் போகல, போகாதுன்னு அவங்களே முன்னாடி சொல்லிட்டாவ. அதுவும் ஜெல்லால அடங்குச்சா, இல்ல ஆனி மாசம் சாரல் காத்து வந்து வெக்க கொறைஞ்சதால அடங்குச்சான்னு எனக்கே தெரியாது. இந்த நோயே கூடுறதும் கொறையுறதுமாத்தான் இருக்கும். ஒரு மூஞ்ச வச்சு முடிவு கட்ட முடியாது, என் மூஞ்சியா இருந்தாலும் சரிதான்.

"நீ என்ன டாக்டரா?" இல்ல. அந்தப் பையனும் இல்ல. அவங்கிட்ட யாரும் கேக்கலியே.

"இயற்கைதான, என்ன கெடுதல்?" புதினா சத்து சேத்திருக்கோம்னு அவனே சொல்லுதான். மெந்தால், கற்பூரம்லாம் ரொசேஷியாக்காரங்க ஒதுக்க வேண்டிய சாமான். பூசும்போது குளுகுளுன்னு இருக்கும், அப்புறம் காந்தும்.

"ஏழைபாழைக்கு ஸ்கின் டாக்டர் பீஸ் கட்டுமா?" திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரில தோல் ஓபி இருக்கு, காசு கெடையாது. கூட்டம், காத்துக் கெடக்கணும், ஒருநாள் கூலி போயிரும், அதெல்லாம் நெசம்தான். ஆனா அந்த ட்யூப் என்ன ஓசிலயா குடுக்கான்?

"பாவம், பொழைக்க வந்த பையன்." ஆமா. நான்தான் பொழைக்காதவ.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேட்டா, இந்த "பூசிப் பாரேன்" வார்த்தையாலதான். சித்தி ஒருத்தி மருந்துக்கடையில சீட்டு இல்லாம ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்து, பிடிக்குதான்னு டெஸ்ட் பண்ணிப் பாருட்டின்னு தந்தா. மொதல்ல மூஞ்சி கண்ணாடி மாதிரி ஆயிட்டு, வீடே பூரிச்சுப் போச்சு. நிப்பாட்டுன ஒடனே ஃபேன் காத்து பட்டாக்கூடக் காந்தும். அது ஸ்டெராய்டு. ரொசேஷியாவ அது தூண்டிவிடும், இருக்குறவங்களுக்கு மோசமாக்கும். 2018லயே அந்த மாதிரி க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் சொல்லியாச்சு, எந்தக் கடையில கேக்காவ? அன்னைக்கும் இதே கைதட்டல்தான், பாத்துக்கிடுங்க. சீக்கிரமா அழகாத் தெரிஞ்சா அது டெஸ்ட் பாஸ்.

இன்னொண்ணு. நம்ம நெறத்துக்கு இந்தச் செவப்பு பாதி நேரம் வெளியவே தெரியாது, எரிச்சல்தான் தெரியும். அதனாலயே எத்தன பேருக்கு இத அலர்ஜி, பிம்பிள், சூட்டுக்கட்டின்னு சொல்லியே வருசம் ஓடிருது. நான் கொஞ்சம் வெளுப்பு, அதனால எனக்கு அது வேற தண்டனையாப் போச்சு. கல்யாண வீட்டுல மறுநாள் சொதிச் சாப்பாடு, கொதிக்கக் கொதிக்க ஊத்துதாவ, அந்த ஆவி பட்டதும் எனக்கு மூக்கும் கன்னமும் பத்திக்கிடும். பந்தியில எதுக்க உக்காந்து ஒரு பெரிய மனுசி, "என்னட்டி, வீட்டுக்காரனோட சேந்து நீயும் ஊத்திக்கிட்டியா"ன்னு கேட்டா. எல்லாருஞ் சிரிச்சாவ. எலையில கைய வச்சபடியே நானும் சிரிச்சேன். அன்னைக்குச் சிரிச்சவியதான் இன்னைக்கு அக்கறையா வீடியோ அனுப்புதியோ. எனக்குக் கொணமாகணும்னா அனுப்புதிய? அடுத்த விசேஷத்துக்கு என் மூஞ்சி ஒங்க போட்டோவுல உறுத்தாம இருக்கணும்னு அனுப்புதிய. அத நேராச் சொல்லிருங்களேன், நான் ஓரமா நின்னுக்கிடுதேன்.

சரி, அத விடுங்க. ஏற்கனவே வாங்கிட்டேன்னு மூணு பேரு இன்பாக்ஸ்ல வந்துட்டாவ. மூஞ்சில பூசாதீய. ட்யூப் பின்னால என்னென்ன சேத்திருக்குன்னு எழுதியிருந்தா அதப் போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, எழுதலன்னா அதையும் சொல்லுங்க, நான் ஓபிக்குப் போறப்ப டாக்டர்கிட்டக் காட்டிக் கேக்கேன். டீலர்ஷிப் பேச வர்றவிய, ப்ளாக்தான்.