நட்சத்திரம் போட்டால் பாடநெறி நல்லதாகிவிடுமா?

தொலைக்கல்வியில் மின் இணைப்பு படிக்கும் எங்களுக்கு நிறுவனம் மறுபடியும் பாடநெறி மதிப்பீட்டுப் படிவத்தை அனுப்பியிருக்கிறது. அதைத் திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. காணொளிகளின் தரத்துக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை இடவேண்டும். 'பார்க்கவே முடியவில்லை' என்று சொல்ல அதில் ஓரிடமும் இல்லை. நட்சத்திரம் இடாமல் படிவத்தை அனுப்பவும் வழியில்லை.

இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போய்விடும். தேயிலைத் தோட்டத்துத் தொடர்வீடான லயத்துக்குள் சிக்னல் எடுக்காததால் கோயில் மேட்டில் குடைபிடித்து நின்றுதான் ஸூம் வகுப்பைக் கேட்கிறோம். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைச் சோதிக்கும் முறையைப் போதனாசிரியர் காட்டத் தொடங்கியபோது படம் அப்படியே நின்றது. மறுபடி வந்தபோது அவர் அடுத்த பாடத்தில் இருந்தார். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அதற்கான டேட்டாவை அம்மா கொழுந்து பறித்த காசில்தான் போடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

எல்லாவற்றிலும் ஆத்திரமூட்டுவது, இந்தப் படிவமும் இணையத்தில்தான் வருகிறது என்பது. சிக்னல் இல்லாமலும் காசில்லாமலும் இடையில் நின்று, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்ட எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏன் நின்றீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாக்குப்பிடித்தவர்களின் நட்சத்திரங்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்து, மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினால் அது எப்படி மதிப்பீடாகும்?

பயிற்சியை நான்கு படிகளில் அளக்கவேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பட்ரிக் 1959 இலேயே எழுதினார்: பயின்றவரின் மனநிறைவு, அவர் கற்றுக்கொண்டது, அதை வேலையில் செய்து காட்டுவது, அதனால் விளைந்த பயன். எங்கள் நிறுவனம் முதற்படியைத் தாண்டவே இல்லை. தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூ. சான்றிதழுக்கோ மதிப்பீட்டாளர் முன்னால் கையால் வேலை செய்து காட்டவேண்டும். மின்னளவு பார்க்கும் மல்டிமீட்டரைத் தொட்டே பார்க்காதவன் அங்கே எதைச் செய்து காட்டுவான்? உயிரோடு விளையாடும் தொழில் இது.

ஆகவே, இடையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசி, தமிழில் காரணம் கேட்டு எழுதுங்கள். சிறிய கோப்புகளாகக் காணொளிகளைத் தாருங்கள். செய்முறை வகுப்பை மாதம் ஒரு முறையாவது ஹட்டனில் வையுங்கள். அந்த மேசையில் நாங்கள் வயர் இணைப்பதைப் பார்த்துவிட்டுப் பாடநெறிக்குப் புள்ளி போடுங்கள்.