கரும்பலகையில் ஐந்து வரி

நேற்று முன்தினம் இரவு அப்பாவை எங்கள் பேட்டையில் உள்ள ஒரு சின்ன உணவகத்துக்கு அழைத்துப் போனேன். மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம், எட்டு மேசை. கடைக்கார அண்ணன் சமைக்கிறார், அவர் மனைவி, அண்ணி, பரிமாறுகிறார், பாத்திரம் கழுவ ஓர் அக்கா. மெனு அட்டை கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் ஐந்து வரி. தலைக்கு 78 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒரு காசு இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வரியும் மாறிவிடும்.

அப்பா பலகையைப் படித்துவிட்டு, "இதுல நான் எதக் கேக்கணும்?" என்றார்.

"ஒண்ணும் கேக்க வேணாம்பா. அஞ்சும் வரும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறவன் கேட்பான், சமைக்கிறவன் கேட்டதைக் கொடுப்பான் என்பது எழுபத்து மூன்று வயது வரைக்கும் வந்த பழக்கம். அதிலும் நான்காவது வரியில் "மீன், இன்றைக்கு வந்தது" என்று மட்டும் எழுதியிருந்தது. "என்ன மீனுன்னுகூட சொல்ல மாட்டாங்களா?"

வந்தது கெம்போங், மலிவான கானாங்கெளுத்தி மீன். வாழையிலையில் மடித்துச் சுட்டு, பச்சை மிளகாயும் புளிப்பான பிளிம்பிங் காயும் அரைத்த மசாலாவோடு. இவ்வளவு காசுக்குக் கெம்போங்கா என்று அப்பா என்னைப் பார்த்தார். அண்ணியே வந்து சொன்னார்: "காலையில கோல மூடாவுக்குப் போனாரு அங்கிள். தெங்கிரி ஐஸ்ல ரெண்டு நாள் கெடந்தது. வாங்க மனசு வரல. இதுதான் அப்பதான் படகுலேர்ந்து எறங்குச்சு."

கோல மூடா மீன் சந்தை கெடா மாநிலத்தில், பினாங்கு எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே ஏலக்காரரின் காதில் விலையை முணுமுணுப்பார்கள். அடுத்தவர் என்ன விலை கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதற்கு 'பசார் பிசிக்', அதாவது கிசுகிசுச் சந்தை, என்று பெயர். அங்கே நின்று, நல்ல விலைக்குப் போகும் தெங்கிரியை (வஞ்சிர மீன்) வேண்டாம் என்று விட்டுவிட்டு, மலிவான மீனைப் புதிதாக வாங்கி வருவதற்கு ஒரு சமையல்காரருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுப்பது அந்தக் கரும்பலகைதான். தெங்கிரி என்று அச்சடித்து வைத்திருந்தால் பழைய தெங்கிரியைத்தான் அன்றைக்கு நமக்குப் போட்டிருப்பார்கள்.

அப்பா முள்ளைக்கூட விடவில்லை.

ஒரே விலைக்குச் சமையல்காரர் வைப்பதைச் சாப்பிடும் இந்த முறையைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ப்ரீ ஃபிக்ஸ்' என்பார்கள், நிலையான விலை என்று பொருள். பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம், பழக்கம் புதிதில்லை. நம் வாழையிலைச் சாப்பாடு வேறென்ன? சோறு, மூன்று காய், ரசம், அப்பளம், ஒரு விலை. என்ன காய் என்று நாம் கேட்பதில்லை, வைத்ததைச் சாப்பிட்டோம். ஆனால் வருஷம் முழுவதும் அதே முட்டைக்கோஸ், அதே பூசணிக்காய், அதே வெள்ளரிக்காய் என்று ஆகிவிட்டதே, அதுதான் என் வருத்தம். இலை நம்முடையதாகவே இருக்கிறது, பருவம் மட்டும் அதிலிருந்து போய்விட்டது.

நம் ஊரில் ஏது பருவம், வெயிலும் மழையும்தானே என்பவர்களுக்கு அப்பா அன்று சொன்னதையே சொல்கிறேன். அவர் கெடாவில் கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) வளர்ந்தவர். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். அந்த மாதங்களில் பாட்டி ஓடைக்கரையில் பாக்கு கீரை (பெரணிச் செடியின் கொழுந்து) பறித்து வந்து கருவாட்டோடு சமைப்பாராம். சித்திரை பிறந்தால் மாங்காய்ப் பச்சடி. ஜூன், ஜூலையில் பழக் காலம்: ரம்புத்தான், மங்கிஸ் (மங்குஸ்தான்), பலாவைப் போன்ற செம்பெடாக். செம்பெடாக் கொட்டையை வீணாக்க மாட்டார்கள். அவித்துத் தோலை உரித்து முருங்கைக்கீரையில் போடுவார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது தட்டில் செம்பெடாக் கொட்டையும் முருங்கைக்கீரையும் வந்து உட்கார்ந்தன. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவரைச் சாப்பிட விட்டுவிட்டு நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சமையல்காரர் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். எண்பது வகை உணவு அட்டையில் இருந்தால், யார் எதைக் கேட்பார் என்று தெரியாமல் எண்பதுக்கும் பொருள் வாங்கி வைக்க வேண்டும். பாதி உறைபெட்டிக்குப் போகும், கொஞ்சம் குப்பைக்குப் போகும். அந்த நட்டமும் நம் தட்டின் விலையில்தான் ஏறும். ஐந்தே வகை, இருபத்து நான்கு பேர், முன்பதிவு என்றால் காலையிலேயே கணக்குத் தெரியும். இருபத்து நான்கு மீன், அளவான கீரை, மீதம் இல்லை. அடுப்படியில் ஒருவரே சமாளிக்கலாம். வேலைக்கு ஆள் கிடைக்காமல் நல்ல கடைகள் மூடிக்கொண்டிருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

நிலையான விலை என்று போட்டவர்கள் எல்லாரும் இப்படி உழைப்பதில்லை என்பதும் உண்மை. கடந்த தீபாவளிக்கு ஒரு பெரிய கடையில் 'சிறப்பு செட்' என்று 98 வெள்ளி போட்டிருந்தார்கள். பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு வரியும் சேர்ந்து தலைக்கு நூற்றுப் பத்தைத் தாண்டியது. வந்ததெல்லாம் அவர்கள் அன்றாடம் விற்கும் அதே மட்டன் வறுவல், அதே பட்டர் சிக்கன். சின்னக் கிண்ணத்தில், வெள்ளித்தாள் ஒட்டிய இனிப்போடு. அம்மா அன்றைக்கு அரை வயிற்றோடு எழுந்து வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வாடிக்கையாளர் தன் தேர்வை விட்டுக்கொடுத்து உங்களை நம்பி உட்காருகிறார். அந்த நம்பிக்கையில் மிச்சம் பிடிப்பது தவறு.

இன்னொன்று. ஜப்பானியக் கடையில் ஒமகாசே என்று முந்நூறு, நானூறு வெள்ளி கொடுத்துவிட்டுச் சமையல்காரர் வைப்பதை வாய் பேசாமல் சாப்பிடுகிறோம். கோலாலம்பூரில் நம் நாட்டுக் கீரையையும் காட்டுப் பழத்தையும் வைத்துச் சமைக்கும் டேவாகான் இரண்டு மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியபோது பெருமைப்பட்டோம். நம் ஆள் ஒருவர் அதே மரியாதையோடு ரசம் வைத்தால் மட்டும் "சிக்கன் இல்லையா, மாத்தித் தர முடியாதா, கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா" என்கிறோம். அந்த அண்ணியிடம் இப்படிக் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது. அன்று அவர் பரிமாறிய ரசத்தில் புங்கா காந்தான் (ஒருவகை இஞ்சிப் பூ) போட்டிருந்தார்கள். லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் குழம்பில் மணக்கும் அதே பூ, மிளகோடு சேரும்போது வேறு ஒரு வாசம் வருகிறது. நம் வீட்டுச் சமையலில் ஏன் இது இத்தனை வருஷமாக வரவில்லை என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

எல்லாருக்கும் இது ஒத்து வராது என்பதும் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள், நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள், சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கடைக்காரரும் அதற்கு இடம் வைக்க வேண்டும். விலையும் இருக்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு 312 வெள்ளி என்பது மாதாமாதம் முடிகிற காரியமா? அதனால்தான் நம் வாழையிலைக் கடைக்காரர்களைக் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு நாள் மதியம், இருபது, இருபத்தைந்து வெள்ளிக்கு, அன்றைக்குப் பசாரில் எது நன்றாக இருந்ததோ அதை மட்டும் வைத்து ஓர் இலை போடுங்கள். புரட்டாசியில் நீங்கள் செய்வதுதானே இது? அந்த ஒரு மாதம் வாழைப்பூவும் சேனைக்கிழங்கும் எங்கிருந்தோ வந்து இலை நிறைகிறது. பல வருஷங்களில் சீனர்களின் ஒன்பது நாள் சைவமும் அதை ஒட்டியே வரும். மஞ்சள் கொடி கட்டிய தெருவில் அவர்களும் நம் கடையில் வந்து சாப்பிடுகிறார்கள். ஐப்பசி பிறந்ததும் மறுபடியும் முட்டைக்கோஸ்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவு செய்தால் போங்கள். முடியாவிட்டால் முதல் நாளே புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி போடுங்கள். இருபத்து நான்கு மீன் வாங்கிய கடையில் ஆறு பேர் வராமல் போனால் அன்றைய லாபம் அத்தோடு போச்சு.

கடைசித் தட்டு பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் ஊர் டுரியான், தேங்காய்ப்பாலில் கரைத்து, அவித்த புளுட் என்ற ஒட்டரிசியோடு. பழம் தானாக விழும்வரை காத்திருந்து, மரத்துக்குக் கீழே கட்டிய வலையிலிருந்து எடுத்தது. இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும், அதற்குப் பிறகு பலகையை அழித்துவிடுவோம் என்றார் அண்ணி.

"அப்புறம் என்ன போடுவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் தெரியல அங்கிள். பசாருக்குப் போய்தான் பாக்கணும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பாக்கு கீரை கிடைத்தால் கருவாட்டோடு எப்படிச் செய்வது என்று அண்ணியிடம் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.