"இதோ, புறஜாதியாரிடத்திற்குப் போகிறோம்" என்ற பவுல் அடுத்து எங்கே போனார்?

அப்போஸ்தலர் 13:46-ஐ எடுத்துக்கொண்டு, "யூதர்கள் தள்ளிவிட்டார்கள், பவுலும் அவர்களைக் கைவிட்டுப் புறஜாதியாரிடம் (யூதரல்லாதவரிடம்) போய்விட்டார்" என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள், தயவுசெய்து 14:1-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிசீதியாவின் அந்தியோகியாவில் அப்படிச் சொன்னவர் இக்கோனியாவில் நுழைந்த இடம் யூதருடைய ஜெபாலயம். கொரிந்துவிலும் அதையே சொன்னார் (18:6). அதே அதிகாரத்தில் எபேசுவில் போய் இறங்கியதும் மறுபடியும் ஜெபாலயம்தான்!

ஏன் என்று புரிய, அங்கே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 13:16-இல் பவுல் எழுந்து நின்று இரண்டு கூட்டத்தாரை விளிக்கிறார்: இஸ்ரவேலர் ஒன்று, "தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்கள்" இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்தார் பிறப்பால் புறஜாதியார். ஓய்வுநாளில் வந்து நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனமும் கிரேக்கத்தில் வாசிக்கக் கேட்பார்கள். யூத ஆணின் அடையாளமான விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்குவது) மட்டும் செய்துகொள்ளவில்லை. வளர்ந்த ஆணுக்கு அது சாதாரண வலி அல்ல. சொந்த ஊரும் உறவும் அந்நியமாகிவிடும் என்ற பயம் வேறு. துருக்கியில் அப்ரோதிசியாஸ் என்ற பழைய ஊரில் 1976-இல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. பவுலுக்குப் பல தலைமுறை பிந்தியது. யூதர் பெயர்களிலிருந்து பிரித்து, 'தேவபக்தர்' என்ற தலைப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களில் ஒன்பது பேர் நகரசபை உறுப்பினர்கள்.

ஆபிரகாம் யார், தாவீது யார், மேசியா என்றால் என்ன என்று இவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பிலிப்பியில் லீதியாள், கொரிந்துவில் ஜெபாலயத்துக்கு அடுத்த வீட்டு யுஸ்து, இருவருமே 'தேவனை வணங்குகிறவர்கள்' என்று அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா சொல்கிறார். அதனால், புறஜாதியாரிடம் போகும் வழியே ஜெபாலயத்தின் உள்ளேதான் இருந்தது என்பேன். எதிர்ப்பு ஏன் அத்தனை கடுமையாக எழுந்தது என்பதும் இங்கேதான் விளங்கும். ஜெபாலயம் பல வருஷம் பொறுமையாகச் சேர்த்த ஆட்களிடம், விருத்தசேதனம் இல்லாமலே முழுப் பங்கு உண்டு என்கிறார் நேற்று வந்தவர். கோபம் வராமல் இருக்குமா?

ஜெபாலயம் என்ற இந்தப் படி இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்கு லீஸ்திரா சாட்சி. அங்கே ஜெபாலயம் இருந்ததாக லூக்கா சொல்லவில்லை. பவுலின் சொல்லால் ஒரு சப்பாணி எழுந்து நடந்ததைப் பார்த்த ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் ஆர்ப்பரித்து, பவுலோடு வந்த பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தங்கள் தேவர்களின் பெயரால் அழைத்தார்கள். பூசாரி எருதும் பூமாலையும் கொண்டுவந்துவிட்டான். பவுல் அங்கே ஒரு வேதவாக்கியத்தைக்கூட மேற்கோள் காட்டவில்லை. மழையையும் விளைச்சலையும் வைத்துத்தான் பேச முடிந்தது. அப்படியும் பலியைத் தடுப்பது பெரும்பாடாகிவிட்டது.

சபை உருவான பிறகு வந்த சிக்கல் சாப்பாட்டுப் பந்தி. சீரியாவின் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பர்னபாவும் இழுபட்டுப்போனார் (கலாத்தியர் 2). அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சபை புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதி அனுப்பிய நான்கு கட்டளைகளில் மூன்று சாப்பாட்டைத் தொட்டவை: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது. இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார அவை வழிசெய்தன என்றே நான் வாசிக்கிறேன்.

எனக்கு மிகப் பெரிய ஆதாரம் 2 கொரிந்தியர் 11:24. யூதர்களால் ஐந்து தரம், ஒன்று குறைய நாற்பது அடி. கணக்குப் பார்த்தால் 195. உபாகமம் 25:3 நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது. எண்ணிக்கை தவறிவிடாதபடி 39-இல் நிறுத்துவார்கள். பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அடிக்கும் முறையையும் சொல்கிறது: இரண்டு கையையும் தூணில் கட்டி, மடித்த கன்றுத்தோல் வாரால் மூன்றில் ஒரு பங்கு மார்பில், இரண்டு பங்கு முதுகில். இது ஜெபாலயம் தன் ஆளுக்குக் கொடுக்கும் தண்டனை. பவுல் ரோமக் குடிமகன். "நான் உங்களைச் சேர்ந்தவன் அல்ல" என்று விலகிப்போக அவருக்கு வழி இருந்தது. ஒரு தரம் அடிபட்டவர், மறுபடியும் உள்ளே போய் நான்கு தரம் முதுகைக் கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவரை யூதரைக் கைவிட்டவர் என்று மேடையில் சொல்வது எனக்கு மனவேதனை. கடைசியில் ரோமாபுரிக்கு விலங்கோடு வந்து சேர்ந்து மூன்று நாளைக்குப் பின்பு அவர் கூப்பிட்டு அனுப்பியது யாரை என்று அப்போஸ்தலர் 28:17-இல் பாருங்கள்.