இத்தாலியன் பேச வேண்டுமா? விலைவாசியைப் பேசுங்கள்

இத்தாலியன் பாடப் புத்தகங்கள் எல்லாம் 'ரயில் நிலையம் எங்கே, ஒரு பீட்சா கொடுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கின்றன. என்னைக் கேட்டால் முதல் பாடமே விலைவாசிப் புலம்பலாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்க இங்கே அதைவிடத் தோதான விஷயம் கிடையாது.

டுரின் நகரின் போர்த்தா பலாத்சோ சந்தையில் நின்று, 'ஏ ஔமெந்தாத்தோ துத்தோ', அதாவது எல்லாம் ஏறிப்போச்சு, என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். பக்கத்தில் தக்காளி பொறுக்கும் பாட்டி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். 'கொன் லா லீரா சி ஸ்தாவா மெல்யோ' என்பார். யூரோவுக்கு முந்தைய இத்தாலிய நாணயமான லிரா இருந்த காலத்தில் நன்றாக இருந்தோமாம். அப்புறம் கையை விரித்து, 'தொவே அந்த்ரேமோ ஆ ஃபினீரே?' எங்கே போய் முடியுமோ! முடிந்துபோனதைச் சொல்லும் இறந்தகாலம், அந்தக்கால நிலைமையைச் சொல்லும் இன்னொரு இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் ஒரே புலம்பலில் வந்துவிட்டன. இதை நடத்த வகுப்பில் மாதக்கணக்காகும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: புள்ளிவிவரத்தை எடுக்காதீர்கள். 2002 ஜனவரியில் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது ஒரு யூரோவுக்கு 1936.27 லிரா என்பது அரசுக் கணக்கு. ஆயிரம் லிரா சாமானைக் கடைக்காரர்கள் ஒரு யூரோ ஆக்கிவிட்டார்கள் என்பது ஜனங்களின் கணக்கு. விலை அவ்வளவெல்லாம் ஏறவில்லை என்று புள்ளிவிவரத் துறை சொன்னதை இன்றுவரை யாரும் நம்பத் தயாரில்லை. நீங்கள் போய் அதைச் சொன்னால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. விலைவாசிக்கேற்பச் சம்பளத்தை உயர்த்திவந்த 'ஸ்காலா மோபிலே' ஏற்பாடு 1992இல் ஒழிந்தது. 1990க்கும் 2020க்கும் இடையில், விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், சராசரிச் சம்பளம் ஏறவே இல்லை; சுமார் 3 சதவீதம் இறங்கியிருக்கிறது. 2022 அக்டோபரிலோ பணவீக்கம் 11.8 சதவீதம். பாட்டி எந்த அறிக்கையும் படித்ததில்லை, ஆனால் சொல்வது சரிதான்.

பாஸ்தா பக்கம் பேச்சு திரும்பினால் இன்னும் சூடு பிடிக்கும். 2007 செப்டம்பரில் ஒருநாள் பாஸ்தா வாங்காமல் போராட்டமே நடத்தினார்கள். 2023 மே மாதம் பாஸ்தா விலைக்காக அரசாங்கம் அவசரக் கூட்டம் போட்டது. நமக்கு அரிசி விலை மாதிரி, விளையாட்டில்லை.

சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், முகம் சுண்டிவிடும். கரண்ட் பில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், போனைத் திறந்து காட்டவே செய்வார்கள்.