மீச் லேக் உடன்பாட்டை ரத்து செய்தது நீதிபதி க்ளைட் வெல்ஸா?

"கனடாவின் மீச் லேக் அரசியலமைப்பு உடன்பாட்டை நியூஃபவுண்ட்லாந்து தலைமை நீதிபதி க்ளைட் வெல்ஸ் தீர்ப்பளித்து ரத்து செய்தார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பெயர் சரி, பதவி தவறு. தீர்ப்பு என்று எதுவுமே இல்லை. மீச் லேக் உடன்பாடு என்பது, கியூபெக் மாகாணம் கனடா அரசியலமைப்பை ஏற்பதற்காக 1987-இல் முன்வைக்கப்பட்ட திருத்தத் தொகுப்பு.

1990-இல் வெல்ஸ் அந்த மாகாணத்தின் முதல்வர். வழக்கறிஞரான அவர் 1966-இல் சட்டமன்றம் போனார், 1968-இல் அமைச்சரவையிலிருந்து விலகினார், 1989-இல் லிபரல் கட்சியை வெற்றிக்குக் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேர்தலில் அவருடைய சொந்தத் தொகுதி கைவிட்டுப் போனது. வேறொரு தொகுதி வழியாகத்தான் உள்ளே வந்தார்.

உடன்பாட்டுக்கு 10 மாகாணச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. கியூபெக் முதலில், 1987 ஜூன் 23 அன்று, தீர்மானம் நிறைவேற்றியதால் மூன்றாண்டுக் கெடு 1990 ஜூன் 23-இல் முடிந்தது. முந்தைய ஆட்சி தந்திருந்த ஒப்புதலை வெல்ஸின் ஆட்சி 1990 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. திருத்தம் அதிகாரபூர்வமாகப் பிரகடனம் செய்யப்படும் முன் அப்படிச் செய்ய 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இடம் தருகிறது. கடைசி நாள்களில் மறுவாக்கெடுப்பையும் அவர் நடத்தவில்லை. ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் போடுவதும் நியாயமில்லை: மனிடோபா மாகாணத்தில், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி விரைவாக விவாதிக்கத் தேவையான ஒருமித்த சம்மதத்தைச் சட்டமன்ற உறுப்பினர் எலைஜா ஹார்ப்பர் தர மறுத்ததால் அங்கும் வாக்கெடுப்பே நடக்கவில்லை. இப்படிக் கெடு முடிந்துதான் உடன்பாடு காலாவதியானது.

1996-இல் முதல்வர் பதவியை விட்ட வெல்ஸ், 1998-இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். 1999 முதல் 2009 வரை தலைமை நீதிபதி. "தன்னைத் தானே நியமித்துக்கொண்டார்" என்ற ஒட்டுத் தகவலும் பொய். 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 96-ஆம் பிரிவுப்படி மாகாண உயர்நிலை நீதிபதிகளை நியமிப்பது ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு. முதல்வருக்கு அந்த அதிகாரம் கிடையாது.