ஜெயிக்கத்தான் நிற்கிறாரா?

எந்தத் தேர்தல் வந்தாலும் யாராவது ஒரு வேட்பாளரைப் பற்றி இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "இந்த ஆள் ஜெயிக்கத்தான் நிற்கிறாரா, இல்ல சும்மா நிற்கிறாரா?" கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் கையோடு வைத்திருப்பார். பிடிக்காத கட்சி என்றால் 'பி டீம்', 'பெட்டி வாங்கிட்டான்'. பிடித்த கட்சி என்றால் 'கொள்கைக்காக நிற்கிறார்'. இரண்டு பேருமே வேட்பாளரின் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரிதான் பேசுவார்கள்.

மனசைப் பார்க்கத் தேவையில்லை, பூத்தைப் பார்த்தால் போதும் என்பது என் வாதம். அதைச் சொல்லத்தான் இந்த நீள்பதிவு.

ஜெயிக்க வரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு நிற்பவர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1033 பேர் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேர், புளோரைடு கலந்த குடிநீர்ப் பிரச்சினைக்காக. 2019-ல் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் இறங்கி மொத்தம் 185 வேட்பாளர்கள் ஆனார்கள். அப்போது தெலங்கானா முதல்வராக இருந்த சந்திரசேகர ராவின் மகள் கவிதா அங்கே தோற்றும் போனார். மேட்டூர் பத்மராஜனையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். 1988-ல் ஆரம்பித்து இருநூறு தேர்தல்களுக்கு மேல் நின்றுவிட்டார். தோற்பதுதான் தன் சாதனை என்று சிரித்துக்கொண்டே பேட்டி கொடுக்கிறார்.

இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் சட்டம் கடிந்துகொண்டது இவர்களைத்தான். 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க நின்றவர்கள் 13,952 பேர். உடனே மக்களவைக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்று வந்தது. 1998-ல் எண்ணிக்கை 4,750 ஆகச் சுருங்கியது. பணமில்லாத, ஜெயிக்க நினைக்காத ஆளை வெளியே தள்ளியாயிற்று. பணமுள்ள, ஜெயிக்க நினைக்காத ஆளுக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு பொருட்டா?

அடுத்த ரகம், தொகுதி வேண்டாம், சதவீதம் வேண்டும் என்பவர்கள். இவர்களைத் திட்டுவதற்கு முன் விதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் 8 சதவீதம் வாங்கிவிட்டால், ஒரு இடம்கூட ஜெயிக்காமலே மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைக்கும், நிரந்தரச் சின்னம் கிடைக்கும். 2024-ல் நாம் தமிழர் கட்சி எட்டு சதவீதத்தைத் தாண்டி அப்படித்தான் அங்கீகாரம் பெற்றது. அந்த நிலையில் இருக்கும் கட்சிக்கு ஒரு தொகுதியில் பலமாக இருப்பதைவிட எல்லாத் தொகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவது முக்கியம். அதன் வேட்பாளர் ஒருவர் பதினைந்தாயிரம் ஓட்டு வாங்கித் தோற்றால் அவர் சும்மா நின்றார் என்று சொல்லிவிட முடியாது. கட்சிக்கு எது தேவையோ அதை அவர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் 2000 அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் நின்றதும் இதே கணக்கில்தான். நாடு முழுக்க 5 சதவீதம் வாங்கினால் அடுத்த தேர்தலில் கட்சிக்கு அரசு நிதி கிடைத்திருக்கும். மூன்று சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் புளோரிடாவில் மட்டும் அவருக்கு 97,488 ஓட்டு விழுந்தது. குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜெயித்தது 537 ஓட்டில். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அந்தக் கோபத்தை வருஷக்கணக்கில் ஆற்றிக்கொள்ளவே இல்லை. ஓட்டுப் பிரித்தார் என்பது உண்மை. ஓட்டுப் பிரிக்கத்தான் நின்றார் என்பது வேறு குற்றச்சாட்டு. நம்ம ஊர் விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டே இருக்கிறோம்.

பிரிக்கவே நிற்க வைக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2014-ல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் பாஜக வேட்பாளர் சந்துலால் சாகு. கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னும் பத்து பேர் சுயேச்சையாக நின்றார்கள். அவர் காங்கிரஸின் அஜித் ஜோகியை ஜெயித்தது வெறும் 1217 ஓட்டில். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயர், அதே முதலெழுத்தோடு வேறு ஆட்களும் வந்து வரிசையில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். இவர்களிடம் போய் 'நீங்கள் ஜெயிக்க விரும்புகிறீர்களா' என்று கேட்பதே வீண். பெரும்பாலும் அவர்களின் பெயர் மட்டும்தான் தேர்தலில் நிற்கிறது. டம்மி வேட்பாளர் என்று வேறொரு வகை உண்டு. அவர் பெயரில் வாகன அனுமதி வாங்கலாம், அவருக்கென்று பூத்திலும் எண்ணிக்கை மேசையிலும் ஏஜென்ட் போடலாம், அந்த ஏஜென்டுகள் வேலை பார்ப்பது வேறொருவருக்கு. இதெல்லாம் கட்சிக்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை.

எனக்கு எரிச்சல் வருவது இவர்கள்மேல் அல்ல. பெரிய கட்சி, தெரிந்த சின்னம், அந்தச் சின்னத்துக்கென்றே தலைமுறையாக ஓட்டுப் போடும் குடும்பங்கள். அப்படிப்பட்ட சின்னத்தில் நின்றுகொண்டு ஜெயிக்க விருப்பமில்லாமல் இருக்கிறாரே, அந்த வேட்பாளர்மேல்தான்.

ஏன் நிற்கிறார்? காரணங்கள் பல. தலைமை நிறுத்தியது, மறுக்க முடியவில்லை. அடுத்த முறை நல்ல தொகுதி தருவோம் என்று வாக்கு கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் செலவுக்குக் கட்சி கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்கலாம். எதிரில் நிற்பவர் தொழில் கூட்டாளி, அல்லது சொந்தக்காரர். சில சமயம் வேட்பாளருக்கு ஆசை இருக்கும், மாவட்டத்துக்கு இருக்காது. இவர் ஜெயித்து மேலே வந்தால் தன் இடம் போய்விடும் என்று நினைக்கிற மாவட்டச் செயலாளர் பூத் செலவுக்கான பணத்தைக் கடைசி இரவு வரை இறக்க மாட்டார். உள்ளடி வேலை என்று இதற்கென்றே ஒரு பெயர் இருக்கும்போது, இது எவ்வளவு சகஜம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த மாதிரி வேட்பாளரை மேடையில் கண்டுபிடிக்கவே முடியாது. தோற்க நினைப்பவரும் தொண்டை கட்டும்வரை பேசுவார். ரோடு ஷோ நடத்துவார், ஆரத்தி எடுத்துக்கொள்வார், குழந்தைக்குப் பெயர் வைப்பார்.

பூத்தில் நடிக்க முடியாது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் 300 வாக்குச்சாவடி அளவுக்கு இருக்கும். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கே தொடங்கிவிடும். ஒவ்வொரு சாவடியிலும் அந்த நேரத்துக்கு ஒருவர் போய் உட்கார வேண்டும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஏஜென்ட் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதிகாரிகள் தொடங்கிவிடுவார்கள், யாருக்காகவும் தேர்தல் நிற்காது. நாள் முழுக்க இருந்து, வருகிறவர் உண்மையான வாக்காளர்தானா என்று பார்க்க வேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கையில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு இயந்திரங்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூம் வாசலில் முறை வைத்துக் காவல். எண்ணும் நாளில் மேசைக்கு ஒருவர், வரும் எண்ணை 17சி-யோடு ஒப்பிட.

கூட்டிப் பார்த்தால் ஒரு தொகுதிக்கே சில நூறு பேர். அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி, சாப்பாடு, மாற்று ஆள், போன் போட்டால் எடுக்க ஒரு ஆள். இதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. கேமரா வராத வேலை என்பதால் பேருக்குச் செய்யவும் யாருக்கும் தோன்றாது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பெரிய கட்சி வேட்பாளருக்குப் பாதிப் பூத்தில் ஆளில்லை என்று கேள்விப்பட்டால், அவர் மேடையில் சொன்ன எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதன் உச்சத்தை 2024 மக்களவைத் தேர்தலில் பார்த்தோம். இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர், வாபஸ் பெறும் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பாஜகவுக்குப் போய்விட்டார். வேறு ஆளை நிறுத்த நேரமில்லை. நோட்டாவுக்குப் போடுங்கள் என்று கட்சியே பிரச்சாரம் செய்தது. நோட்டாவுக்கு விழுந்தது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கும் மேல், இந்தியாவில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. சூரத்தில் கதை வேறு. முன்மொழிந்தவர்களே 'இது எங்கள் கையெழுத்து இல்லை' என்று சொல்ல, காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடி. மாற்று வேட்பாளர் மனுவும் தள்ளுபடி. மிச்சமிருந்தவர்கள் வாபஸ். பாஜக வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானார். யார் மனசில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. சூரத் வாக்காளர் அந்தத் தேர்தலில் பொத்தானை அழுத்தவே இல்லை என்பது மட்டும் கண்முன்னே இருக்கிறது.

சரி, பிரச்சாரத்துக்கே போகாத வேட்பாளரை என்ன சொல்வாய் என்று யாராவது கேட்பீர்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டிப்பட்டிக்கு ஒரு நாள்கூட வரவில்லை, ஜெயித்தார். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாப அலை இருந்தது, உண்மை. ஆனால் மருத்துவமனையில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டக் கட்சி இருந்தது, பூத்தில் உட்கார ஆள் இருந்தது. வேட்பாளர் மட்டும்தான் ஊரில் இல்லை.

என் அளவுகோலுக்குக் கொஞ்சம் சிக்கல் தருவது 1967 அண்ணாதான். திமுக 137 இடங்களோடு ஆட்சியைப் பிடித்த தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்றார். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு, மேலவை உறுப்பினராகி முதல்வராகத் தொடர்ந்தார். முதல்வர் ஆகப் போகிறோம் என்று நினைக்கிறவர் டெல்லிக்கா நிற்பார்? இவ்வளவு பெரிய வெற்றியை அவர் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்பார்ப்பும் விருப்பமும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காங்கிரஸுக்கு எதிரான ஓட்டு சிதறக் கூடாது என்று ராஜாஜியிலிருந்து இடதுசாரிகள் வரை தேடிப்போய்க் கைகோத்த மனிதருக்கு ஜெயிக்க ஆசையில்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வி உலக அளவில் அதிகம் கேட்கப்பட்டது 2016-ல் டிரம்பைப் பற்றித்தான். அவருடைய பழைய வழக்கறிஞர் மைக்கேல் கோஹன் 2019-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், அந்தப் பிரச்சாரமே வியாபார விளம்பரம்தான், ஜெயிப்போம் என்று டிரம்ப் நினைக்கவேயில்லை என்று சாட்சி சொன்னார். சொன்னவர் அதே நாடாளுமன்றத்திடம் பொய் சொன்ன குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கால்கள் எங்கே போயின? வாக்குப்பதிவு நாள் பிறந்து, நள்ளிரவு தாண்டிய பிறகும் டிரம்ப் மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஜெயித்தே தீருவார் என்று எல்லோரும் நினைத்த ஹிலாரி கிளின்டன் வேட்பாளரான பிறகு பொதுத் தேர்தல் பிரச்சாரத்துக்கு விஸ்கான்சின் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் எண்பதாயிரத்துக்கும் கீழே. இருவரில் யாருக்கு ஜெயிக்க ஆசை அதிகம் என்று மனசை வைத்துக் கேட்டால் ஒரு பதில் வரும், கால்களை வைத்துக் கேட்டால் வேறு பதில் வரும்.

விளையாட்டாக நின்று ஜெயித்தவர்களும் உண்டு. ஐஸ்லாந்தில் ஜோன் நார் என்ற நகைச்சுவை நடிகர் 'சிறந்த கட்சி' என்று ஒன்றை ஆரம்பித்து 2010-ல் நின்றார். மிருகக்காட்சிசாலைக்குப் பனிக்கரடி வாங்கித் தருவேன், கொடுத்த வாக்கை மீறுவேன் என்றெல்லாம் வாக்குறுதி. ரெய்க்யவிக் நகர மன்றத்தில் 15-ல் 6 இடம் விழுந்தது. மேயரானார், முழுக் காலமும் இருந்தார், மறுபடி அந்தப் பதவிக்கு நிற்கவில்லை. நடிக்க வந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தார். வருஷக்கணக்கில் ஆசைப்பட்டு ஜெயித்து, பிறகு சட்டமன்றத்தில் வாயே திறக்காதவர்களை நினைத்தால் இவர் எவ்வளவோ தேவலை.

கடைசியாக ஒன்று. இரண்டு தொகுதியில் நிற்பவர்கள். 2014-ல் மோடி வாரணாசியிலும் வதோதராவிலும் ஜெயித்து வதோதராவை விட்டார். 2024-ல் ராகுல் காந்தி ரேபரேலியிலும் வயநாட்டிலும் ஜெயித்து வயநாட்டை விட்டார். அங்கே இடைத்தேர்தல் நடந்து தங்கை பிரியங்கா வந்தார். இங்கே என் பூத் சோதனை உதவாது. இரண்டு இடத்திலும் ஏஜென்ட் இருந்தார்கள், இரண்டிலும் உழைத்தார்கள், இரண்டிலும் ஜெயிக்க விரும்பினார்கள். ஆனால் ஒரு தொகுதியை வைத்துக்கொள்ளும் எண்ணமே முதலிலிருந்து இல்லை, இருக்கவும் முடியாது. 1996 வரை எத்தனை தொகுதி வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். அதை ஒன்றாக்குங்கள், முடியாவிட்டால் இடைத்தேர்தல் செலவுக்கு விட்டுப்போகிறவரிடமே ஒரு தொகையை வசூலியுங்கள் என்று தேர்தல் ஆணையம் 2004-லேயே சொல்லிவிட்டது. இன்றுவரை எந்த ஆட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை.  டெபாசிட்டை இருபது மடங்கு ஏற்ற மட்டும் 1996-ல் சில மாதங்கள் போதுமானதாக இருந்தது.